சந்தேகம் யார் பக்கம் சாய வேண்டும்?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்கிறார். அதை நிரூபிக்க அவரிடம் பேப்பர் இல்லை. அது பொய் என்று காட்ட நம்மிடமும் ஒன்றும் இல்லை. அவரை நம்ப வேண்டுமா, கூடாதா?

போன செமஸ்டரில் ஓர் அசைன்மென்ட்டுக்காக, இயந்திர இரைச்சலால் காது கெட்டுப்போவதைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்புகள் கண்ணில் பட்டன. 1933இல் அமைக்கப்பட்ட வாரியம் அது. உடல் பாதிப்புக்கு உதவித்தொகை கேட்டு மறுக்கப்பட்ட வீரர்கள் அங்கே முறையிடுகிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு, தீர்ப்புகளை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். ஒன்றைப் படிக்க உட்கார்ந்தவன், நாலு மணி நேரம் போனது தெரியாமல் படித்துக்கொண்டே இருந்தேன்.

வீரர் பொதுவாக மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது ஒரு பாதிப்பு இருக்கிறது. படையில் இருந்தபோது ஒரு காயமோ நோயோ சம்பவமோ நடந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. முதல் இரண்டும் இருந்தால்கூட மூன்றாவதில் இழுபறி வந்துவிடுகிறது.

காது இரைச்சலை எடுத்துக்கொள்வோம். பீரங்கிப் பக்கத்தில் வேலை செய்தவருக்கு இன்றும் காதுக்குள் எந்நேரமும் 'கொய்ங்' என்று கேட்கிறது. அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து அளக்க நம்ம லேப்பில் இருக்கும் எந்த மீட்டராலும் முடியாது. அது கேட்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனால் இதற்கு அவரே தகுதியான சாட்சி என்று அங்குள்ள நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் சாட்சி சொல்லலாம் என்பது வேறு, சொன்னதெல்லாம் உண்மை என்பது வேறு. அவர் முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும், மருத்துவர் எழுதியதையும் வாரியம் ஒப்பிட்டுப் பார்க்கும்.

பார்த்த பிறகும் தராசு நடுவில் நின்றால்? அதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதாரம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் வீரருக்குப் போக வேண்டும். 1990இல் ஒரு தீர்ப்பில், பேஸ்பாலில் சமமாக வந்தால் ஓடுகிறவருக்குச் சாதகம் என்பதோடு நீதிமன்றம் இதை ஒப்பிட்டது. நமக்குப் புரியும்படி சொன்னால், கிரிக்கெட்டில் சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேனுக்குக் கொடுப்பது மாதிரி.

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் உடனே கேட்டான்: "அப்போ யார் வேணும்னாலும் வலிக்குதுன்னு சொல்லிக் காசு வாங்கிடலாமே? அது மக்கள் வரிப்பணம் இல்லையாடா?"

நியாயமான கேள்வி. ஆனால் இந்த விதி, சொன்னவரை எல்லாம் நம்பு என்று சொல்லவில்லை. எதிர் ஆதாரம் கனமாக இருந்தால் வீரர் தோற்றுப்போவார். சமமாக நிற்கும் இடத்துக்கு மட்டும்தான் இந்த விதி. அந்த இடத்தில் 'நான் நடுநிலையா இருக்கேன்' என்று யாரும் ஒதுங்க முடியாது. கொடுத்தாலும் முடிவு, மறுத்தாலும் முடிவு. இரண்டிலும் தவறு நடக்கலாம். எந்தத் தவறு சிறியது என்பதுதான் கேள்வி.

புகை எச்சரிக்கைக் கருவியை வடிவமைக்கும்போதும் இதே சிக்கல்தான். ரொம்பக் கூர்மையாக வைத்தால் தோசைப் புகைக்கும் கத்தும். மந்தமாக வைத்தால் நிஜமான நெருப்பிலும் சும்மா இருக்கும். கத்தினால் எரிச்சல், சும்மா இருந்தால் உயிர் போகும். அதனால் கொஞ்சம் கூர்மையின் பக்கமே சாய்க்கிறோம். அங்கேயும் அப்படித்தான். தகுதியில்லாத ஒருவருக்குத் தொகை போனால் அரசாங்கம் தாங்கிக்கொள்ளும். தகுதியுள்ள ஒருவருக்கு மறுத்தால் அந்தக் குடும்பம் தாங்குமா?

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. வீரரை அந்த ஆபத்துக்குள் அனுப்பியது அரசாங்கம். என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டியதும் அரசாங்கம்தான். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே படைவீரர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் அழிந்தன. நகல் எடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வீரரிடம் "உன் ரெக்கார்டு எங்கே?" என்று கேட்டால், அவர் என்ன பதில் சொல்வார்? கோப்பு எரிந்தது என்பதற்காக அவர் தானாக ஜெயித்துவிட மாட்டார். ஆனால் அப்படிப்பட்ட வழக்கில் வாரியம் கூடுதல் கவனத்தோடு பார்த்து, காரணங்களைத் தெளிவாக விளக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேப்பரை வைத்திருந்தவர் தொலைத்துவிட்டு, பேப்பர் இல்லாதவரைத் தண்டிப்பது எப்படி அறமாகும்?

விதி நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தராசைப் பிடிக்கிறவரும் மனிதர்தான். தராசு சமமாக நின்றதா என்று வாரியம் முடிவு செய்தால், வெளிப்படையான பிழை இருந்தால் ஒழிய மேல் நீதிமன்றம் அதில் கைவைக்காது என்று 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபடி பரிசோதனை செய், மறுபடி விசாரி என்று கோப்பு திரும்பிப் போவதும் உண்டு. அதற்குள் சிலர் காலமாகிவிடுகிறார்கள். தகுதியுள்ள வாழ்க்கைத்துணையோ பிள்ளையோ அவர் இடத்தில் நின்று வழக்கைத் தொடர 2008இல்தான் சட்டம் வழிவிட்டது. தாமதமாக வரும் நீதியின் வலி நமக்குப் புதிதா என்ன? கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, பாண்டியன் ஒத்துக்கொண்டான். ஆனால் அதற்கு முன்பே கோவலனை வெட்டியாகிவிட்டது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்க தாத்தா தோட்டத்தில் ரப்பர் ஆலை மெஷின் பக்கத்திலேயே பல வருஷம் வேலை செய்தவர். "காதுக்குள்ள வண்டு கத்துதுடா" என்பார். தூக்கம் வரவில்லை என்பார். டிரெஸ்ஸரிடம் சொன்னாராம், எழுதி வைத்தாரா இல்லையா தெரியாது. தோட்டம் மூடியபோது எந்தப் பேப்பரும் கைக்கு வரவில்லை. வீட்டில் நாங்கள் சிரித்தோம். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க ஒரு சாக்கு என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். அவர் சொன்னது பொய் என்று காட்ட என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. சந்தேகம் வந்தது, அதை அவருக்கு எதிராகத் தள்ளிவிட்டேன். ஏன் என்றால் அதுதான் எனக்கு சுலபமாக இருந்தது.

தாத்தா இப்போது இல்லை. என் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.

நாம் யாரும் நீதிபதி இல்லை. ஆனால் தினமும் தீர்ப்பு சொல்கிறோம். "மனசு சரியில்லை, கூட்டத்துக்கு வரல" என்கிற நண்பனுக்கு, முதுகு வலிக்கிறது என்கிற அம்மாவுக்கு. எதிர் ஆதாரம் இருந்தால் பேசுங்கள். இல்லை என்றால், அடுத்த தடவை தராசு நடுவில் நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.