தந்த சொல்லுக்கு உரியவர் யார்?

நான்கைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதைசொல்லியாகிக் காட்டையும் கோட்டையையும் சொற்களால் எழுப்புகிறார். மற்றவர்கள் தம்மை வீரராகவும் மந்திரவாதியாகவும் புனைந்துகொண்டு, அடுத்து என்ன செய்வோம் என்பதைச் சொல்கின்றனர். ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பளிக்கிறது. கூடிப் புனையும் கதையே இவ்விளையாட்டின் பயன்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதலில் விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. அமெரிக்கரான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இதனை, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இயங்கிய டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் 1974இல் வெளியிட்டது. முதலில் அச்சானவை 1,000 படிகளே. 1985இல் கைகாக்ஸ் தாம் நிறுவிய நிறுவனத்தின் மீதிருந்த பிடியை இழந்தார். 1997இல் நொடிந்துபோன டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999இல் அதனையும் விளையாட்டுப் பொருள் பெருநிறுவனமான ஹாஸ்புரோ வாங்கியது.

உடைமை கைமாறியதே தீது என்று நாம் கூறவில்லை. வாங்குவார் இல்லையேல் அவ்விளையாட்டு அன்றே நின்றிருக்கவும் கூடும். மேலும், 2000இல் 'திறந்த விளையாட்டு உரிமம்' வழங்கியதும் புதிய உடைமையாளரே. அடிப்படை விதிகளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தி, தம் சொந்தக் கதைநூல்களை எழுதி விற்கலாம் என்றது அவ்வுரிமம். அதனை நம்பிச் சிறு பதிப்பாளர் பலர் தொழில் தொடங்கினர். எழுத்தாளரும் ஓவியரும் அதனால் பிழைத்தனர்.

2023 சனவரியில் புதிய உரிமத்தின் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் உள்ளோர் அம்மிகுதியில் 25 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்றது அது. விளையாடுவோர் கொதித்தெழுந்தனர். நிறுவனத்தின் இணையச் சந்தாவைப் பலர் நிறுத்தினர். அம்மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, திரும்பப் பெற இயலாத பொது உரிமம் ஒன்றின்கீழ் அடிப்படை விதிகளை வெளியிட்டது.

தம் உடைமை குறித்துத் தாம் வகுத்ததை உடைமையாளர் மாற்றக் கூடாதோ? சட்டம் அறிந்தோர் பழைய உரிமத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வாதிட்டனர். அறத்தின் வினாவோ எளியது. ஒருவர் தம் கிணற்றை அயலாருக்குத் திறந்துவிட்டு, என்றும் இறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவர்கள் தென்னை வைக்கின்றனர். இருபது ஆண்டுகள் கழித்து, காய்ப்பில் கால் பங்கு தருக, இன்றேல் கிணற்றைப் பூட்டுவேன் என்கிறார். கிணறு அவருடையதே, ஆனால் தோப்பு யாருடையது?

பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் தனியுடைமை தகும் என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் ஒப்புக்கொள்கிறார். பயன்பாட்டிலோ அதனைப் பொதுவானதாகக் கருதி, தேவையுற்றோரோடு மனமுவந்து பகிர வேண்டும் என்கிறார். இவ்விளையாட்டில் அவ்வறம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நிறுவனம் விற்பது விதிநூலை. அதற்கு உயிர் தருவோர் மேசையைச் சுற்றி அமர்ந்தோர். அப்பெயருக்கு இன்றுள்ள மதிப்பில் அவர்களது அரை நூற்றாண்டுக் கற்பனையும் கலந்திருக்கிறது. அக்கூலியில்லா உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

நிறுவனம் மீண்டும் சொல்லைக் காத்தது உண்மையே. ஆயினும் அச்சத்தால் காக்கப்பட்ட சொல், பழைய நம்பிக்கையை அப்படியே மீட்டுத் தருவதில்லை. பெய்சோ என்ற பதிப்பகம் முன்னின்று, எந்த ஒரு விளையாட்டு நிறுவனத்தின் பிடியிலும் சிக்காத வேறோர் உரிமத்தை 2023இலேயே உருவாக்கியது. ஒருமுறை பூட்டப்படவிருந்த கிணற்றை நம்பாமல், அயலார் தமக்கெனக் கிணறு தோண்டலாயினர்.

இது எங்கோ நடந்த விளையாட்டுச் செய்தி என்று நாம் கடந்துவிடலாகாது. வாக்களிக்கும் வரை சொல் நம்முடையது. அதனை நம்பி ஒருவர் தம் வாழ்வைக் கட்டியபின் அதில் அவருக்கும் பங்குண்டு. நம் சொல்லை நம்பி இன்று தென்னை வைத்திருப்போர் யாவர்? அவர்களை நாம் அறிவோமா?