தப்பியோடிய சிப்பிகள்

சிப்பி என்றதும் நமக்கு முத்துத்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது, ஐரோப்பியர்கள் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து உயிரோடு விழுங்குகிறார்களே, அந்தச் சிப்பி. சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்!

1962-63 குளிர்காலத்தில் ஹாலந்தின் கடற்கழிகளில் வளர்ந்த நாட்டுச் சிப்பிகள் குளிர் தாங்காமல் மாண்டன. பிழைப்பை இழந்தவர்கள் 1964-இல் பசிபிக் சிப்பியை வரவழைத்தார்கள். அதற்குப் பிறந்த வீடு ஜப்பான் கடலோரம். 'இந்தக் குளிர்ந்த நீரில் அது வளரும். பெருகாது' என்று நம்பினார்கள். 1975-இல் கோடை சற்றுச் சூடாக அமைந்தது. அவ்வளவுதான், குஞ்சுகள் பண்ணையைத் தாண்டிப் போய்க் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டன. ஜெர்மனியில் சில்ட் தீவில் 1986-இல் பண்ணை வைத்தார்கள். 1991-இல் அங்கும் வெளியே சிப்பிகளைக் கண்டார்கள். இன்று அந்தக் கரைகளில் மட்டிப் படுகைகள் பல சிப்பிப் பாறைகளாகிவிட்டன. 'அந்நியக் களை' என்று அவற்றை ஏசுகிறார்கள். அழைத்து வந்தவர்கள் யாராம்?

பொரிப்பகத்தில் பிறக்கும் சிப்பியின் கதை வேறு. ஒரு தாய்ச் சிப்பி கோடிக்கணக்கில் முட்டையிடக்கூடியது. ஆகவே சில தாய்களையும் சில தந்தைகளையும் வைத்துக்கொண்டே பெரிய பண்ணைகளை நிரப்பிவிடலாம். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, ஆனால் அத்தனையும் உடன்பிறப்புகள்! தலைமுறைக்குத் தலைமுறை மரபணு வகைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டே போகின்றன. ஐரோப்பியக் கரைகளில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்தார்கள். தெற்கே, டன் கணக்கில் சிப்பிகளை நேரே இறக்குமதி செய்த பகுதிகளில், தப்பியோடியவை ஜப்பானியப் பூர்விகச் சொத்தை ஏறக்குறைய முழுதாக வைத்திருந்தன. பொரிப்பகக் குஞ்சுகளிலிருந்து கிளைத்த சில்ட் வட்டாரத்திலோ அந்தச் சொத்து சுருங்கியிருந்தது.

சுருங்கினால் என்ன என்று கேட்கலாம். 2008-இல் பிரான்சில் ஹெர்ப்பிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் கிருமி புது உருவில் பரவியது. பல பண்ணைகளில் இளஞ்சிப்பிகள் பாதிக்கு மேல் மாண்டன. சில பிழைத்தன. அந்தப் பிழைக்கும் திறம் பரம்பரையாக இறங்குகிறது என்று பிறகு தெரிந்தது. 2007-இல் ஒரு பண்ணைக்காரரிடம் போய், "இவற்றில் எது உயர்ந்தது?" என்று கேட்டிருந்தால், கொழுத்ததைத்தானே எடுத்துக் காட்டியிருப்பார்? அவர்மேல் குற்றமில்லை, சந்தைக்கு வேண்டியது அதுதான். என் மனத்தை உறுத்துவது வேறு. இன்றைய தேவை என்ற ஒரே தராசில் நிறுத்து, ஒரு வம்சத்தையே 'வேண்டாம்' என்று தள்ளிவிட நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? பயன் தெரியவில்லை என்பதும் பயன் இல்லை என்பதும் ஒன்றாகிவிடுமா?

ஓடிப்போனவற்றுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவற்றின் விளிம்பு கத்தி போன்றது; கரையில் வெறுங்காலோடு நடப்பவரைக் கேட்டால் தெரியும். ஆனாலும் பிரான்சில் ஆர்காஷோன் வளைகுடாவில், சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளைக் கடலில் அடுக்கிவைத்து, தானாய் வரும் குஞ்சுகளைப் பிடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பொரிப்பகக் குஞ்சுகள் விலைக்குக் கிடைக்கும் காலத்திலும் இது நடக்கிறது. எந்தத் தாயின் குஞ்சு வந்து ஒட்டுகிறது என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.