ஏல விதியும் எதிராளியின் கணக்கும்

சீடன்: ஐயா, ஆட்டக் கோட்பாடு கணிதத்தின் ஒரு பிரிவு. அரசு கொள்கை வகுப்பதற்கு அது எப்படி உதவும்?

குரு: ஒருவர் அடையும் பலன், பிறர் செய்வதையும் பொறுத்து அமையுமானால் அது ஆட்டம். அரசு ஒரு விதியை அறிவித்ததும், அதற்கு உட்பட்ட ஒவ்வொருவரும் மற்றவர் செயலைக் கணித்துத் தமக்கு ஆதாயமான வழியைத் தேடுவார்கள். அந்த வழியை முன்பே கண்டறிவது இக்கோட்பாட்டின் வேலை. அலைக்கற்றை ஏலம் அதற்குத் தக்க சான்று.

சீடன்: அதிக விலை கேட்பவருக்குக் கொடுத்துவிடலாமே. அதில் கண்டறிய என்ன இருக்கிறது?

குரு: நியூசிலாந்து 1990இல் இரண்டாம் விலை ஏலத்தைக் கையாண்டது. மூடிய உறையில் அதிகத் தொகை எழுதியவருக்கு உரிமம். ஆனால் அவர் கட்ட வேண்டியது, அவருக்கு அடுத்து வந்தவர் எழுதிய தொகை.

சீடன்: அது அரசுக்கு நட்டமல்லவா?

குரு: இந்த முறையின் காரணத்தைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் விளக்கினார். எழுதும் தொகையும் கட்டும் தொகையும் வேறானால், குறைத்து எழுதுவதால் லாபமில்லை; உரிமம் கைநழுவும் ஆபத்துதான் மிச்சம். ஆகவே உண்மை மதிப்பை எழுதுவதே நல்ல உத்தி. ஆனால் நியூசிலாந்தில் போட்டியாளர்கள் குறைவு. அடிப்படை விலையும் இல்லை. 1,00,000 நியூசிலாந்து டாலர் எழுதிய நிறுவனம் 6 டாலர் மட்டுமே கட்டியது. 70 லட்சம் எழுதிய இன்னொன்று 5,000 டாலர் கட்டியது.

சீடன்: அப்படியானால் கோட்பாடு பிழையா?

குரு: உண்மையை எழுதவைக்கும் என்றுதான் கோட்பாடு சொன்னது. வருவாய்க்குப் போட்டி வேண்டும். அதை 2000ஆம் ஆண்டு காட்டியது. பிரிட்டனில் ஏற்கெனவே சேவை தந்துவந்த பழைய கைபேசி நிறுவனங்கள் நான்கு. ஏலத்துக்கு வந்த மூன்றாம் தலைமுறைக் கைபேசிச் சேவை உரிமங்களோ ஐந்து. ஒன்றைப் புதியவருக்கென ஒதுக்கியதால், வெல்லலாம் என்ற நம்பிக்கையில் பலர் வந்தனர். மொத்தம் 13 பேர் போட்டியிட்டனர்; வருவாய் 2,250 கோடி பவுண்டு. சில மாதங்களில் நெதர்லாந்தும் ஐந்து உரிமங்களை ஏலம் விட்டது. அங்கே பழைய நிறுவனங்களும் ஐந்து. தோற்பது உறுதி என்று கணித்த புதியவர்கள் பழையவர்களுடன் கூட்டுச் சேர்ந்தனர். சுவிட்சர்லாந்தில் நான்கு உரிமங்களுக்கு நால்வரே எஞ்சினர். மக்கள்தொகையில் தலைக்குக் கணக்கிட்டால் பிரிட்டனுக்குச் சுமார் 650 யூரோ, நெதர்லாந்துக்கு 170, சுவிட்சர்லாந்துக்கு 20.

சீடன்: சந்தை நிலவரமும் மாறியிருக்குமே?

குரு: மாறியது. ஆண்டிறுதிக்குள் தொலைத்தொடர்புப் பங்குகள் சரிந்தன. சுவிஸ் வீழ்ச்சியில் அதற்கும் பங்குண்டு. ஆனால் பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மூன்று மாதங்களே. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, நெதர்லாந்தில் உரிமங்களின் எண்ணிக்கையும் பழையவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்ததிலிருந்து வந்தது.

சீடன்: வருவாயைப் பெருக்குவதுதான் அரசின் குறிக்கோளா?

குரு: அதைக் கோட்பாடு தீர்மானிக்காது. வருவாயா, கிராமங்களுக்கும் சேவையா, குறைந்த கட்டணமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும். குறிக்கோள் முடிவான பின், அதற்கேற்ற விதியைத் தேர இக்கோட்பாடு துணைசெய்யும். எனவே விதியை வெளியிடுமுன், அதற்கு உட்படும் ஒவ்வொருவர் இடத்திலும் நின்று, அவர் அடுத்து என்ன செய்வார் என்று எழுதிப் பார்ப்பது கொள்கை வகுப்பவரின் முதற்கடமை.