தூண்டிலும் இரக்கமும்

உண்பதற்காக ஓர் உயிரைக் கொல்லுதல் கொடிதா? இன்பத்திற்காக ஓர் உயிரைத் துன்புறுத்தி, பின்னர் உயிரோடு விட்டுவிடுதல் கொடிதா? இவ்வினா நமக்கு நூலறையில் எழுந்ததன்று. சேறு நாறும் ஒரு சிறு படகில், மிகவும் இன்பமாகக் கழிந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் எழுந்தது.

அமெரிக்க நாட்டின் லூசியானா மாநிலத்திலே, நியூ ஓர்லியன்ஸ் நகருக்குத் தென்கிழக்கில், டெலாக்ருவா என்றொரு மீனவர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கனேரித் தீவுகளினின்று வந்து குடியேறியோரின் வழியினர் வாழ்ந்த ஊர் அது. ஈப்போவிற் பிறந்து அப்பக்கத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் நண்பரொருவர், ஒரு ஜனவரித் திங்களில் நம்மை அங்கே அழைத்துச் சென்றார். குளிர்காற்று ஓய்ந்து வெயில் இளகியிருந்தது. வடக்கிலிருந்து இரண்டு நாள் வீசிய காற்று சதுப்பிலிருந்த நீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிட்டிருந்தமையால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்தன. உப்பங்கோரைகள் பழுப்பேறி நின்றன. இத்தகைய நாளில் மீன்கள் ஆழமற்ற குட்டைகளை விட்டு, ஆழமான கால்வாய்களிற் சென்று ஒதுங்கும். குளிரில் அவை மந்தமாகிவிடும். ஆதலின் இரையையும் மெதுவாகவே நகர்த்த வேண்டும். அவசரக்காரனுக்கு அங்கே வேலையில்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டு நாம் இருந்த இருப்பை எந்த மாளிகைக்கும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டோம்.

அக்கால்வாய்களின் வரலாற்றை நண்பர் கூறியபோதுதான் காப்பி சற்றுக் கசந்தது. எண்ணெய்க் குழாய்களுக்காகவும் துரப்பண மேடைகளுக்காகவும் வெட்டப்பட்டவை அவை. அவற்றின் வழியே உப்புநீர் உட்புகுந்து கோரையின் வேரைக் கொன்றது. 1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் மிசிசிப்பி ஆற்றிற்கு எழுப்பிய வலிய கரைகளோ, வண்டல் மண் சதுப்பைச் சென்று சேராதபடி தடுத்தன. 1932 முதல் 2016 வரை அம்மாநிலம் இழந்த கடற்கரை நிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர்த் தீவைப் போன்ற ஆறு தீவுகள் அதற்குள் அடங்கும்! சதுப்பைக் கொன்ற அதே கால்வாயில்தான் அன்று நமக்கு மீன் எளிதிற் கிடைத்தது. நாம் வெட்டவில்லை என்பது உண்மை. அதன் பயனை உண்டோம் என்பதும் உண்மையே.

முதலில் அகப்பட்டது செந்நிற மீன் ஒன்று. வாலடியிற் கண்போன்ற கரும்புள்ளி உடையது. ரெட்பிஷ் என்பர். 1980களிற் பால் புருதோம் என்னும் சமையற்கலைஞர் மசாலைப் பூசிக் கருக வறுத்துப் பரிமாறிய பின், நாடெங்கும் அதனை வேண்டினர். இனமே அருகத் தொடங்கிற்று. 1988இல் அதனை வணிகத்திற்காகப் பிடிப்பதை அம்மாநிலம் தடுத்தது. 2024ஆம் ஆண்டு விதிப்படி ஒருவர் நாளொன்றுக்கு நான்கே கொள்ளலாம். நீளம் 18 அங்குலத்திற்குக் குறையவும் கூடாது, 27 அங்குலத்தை மிஞ்சவும் கூடாது. நாம் பிடித்ததோ 30 அங்குலம். முட்டையிடும் பெருமீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நண்பர் முள்ளைக் கழற்றி அதனை நீருள் ஏந்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் அது வாலை உதறிச் சென்றது. ‘ஓர் உயிரைக் காத்தோம்’ என்று நாம் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. காத்தோமா? அதன் வாயைக் குத்தியவர் யார்? எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. உதட்டிற் காடி அமிலம் ஏற்றப்பட்ட டிரவுட் மீன்கள், தம் உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டன. மீனுக்கு நோவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி அன்றே குறுகிவிட்டது. தக்க காரணமின்றி விலங்கிற்கு நோவு செய்தல் ஆகாதென ஜெர்மனி 1972இல் சட்டம் செய்தது. விடுவதற்கென்றே பிடித்தல் அதன்படி அங்கே பொதுவாகக் குற்றமாகக் கருதப்படுகிறது. சுவிட்சர்லாந்தோ அதனை வெளிப்படையாகவே தடுத்துள்ளது. ஆக, ஒரு நாட்டில் கருணை எனப் போற்றப்படும் செயல் இன்னொரு நாட்டிற் கொடுமையாகின்றது. இரண்டினுள் எது சரி?

புலால் மறுத்தலைப் பாடிய வள்ளுவரை இங்கே துணைக்கழைக்க நமக்கு நாணமாயிருக்கிறது. அன்று காலை உணவுவிடுதியில் இறால் வறுவலை உண்டுவிட்டு வந்தவர்கள் நாம்! வலையில் அகப்பட்ட அந்த இறாலுக்காக ஒரு நொடியும் வருந்தினோமில்லை. கண்ணெதிரே துடித்தால் இரக்கம், தட்டில் வந்தால் சுவை! நம் நாட்டிலும் ஞாயிறுதோறும் கட்டணக் குளங்களிற் கூடி மீன் பிடிப்போரை ஏளனஞ் செய்துவிட்டு, நேரே மீன்கறிக் கடைக்குச் செல்வோரை அறிவோம். அவர்களுள் நாமும் ஒருவர். எனவே மீன் தின்போர் தூண்டிலைப் பழித்தல் பொருந்தாது என்றே எண்ணுகிறோம். உண்பதற்குப் பிடித்து விரைவிற் கொன்ற மீனுக்கு நம்மிடம் ஒரு விடையுண்டு. பசி என்னும் விடை. அளவு தவறியதால் விட்ட மீனுக்கும் அரைகுறையாக ஒரு விடை சொல்லலாம். பிடிக்குமுன் அளவு தெரியாதல்லவா? உணவு போதுமான பின்னரும், கையிற் கயிறு இழுபடும் அந்த இன்பத்திற்காகவே பிடித்து விடுகிறோமே, அந்த மீனுக்கு என்ன விடை சொல்வோம்?

நண்பரிடம் இதனைக் கேட்டோம். அவர் வாதம் செய்பவரல்லர். அதற்குள் கொள்ளத்தக்க அளவில் இரண்டு மீன்கள் பனிப்பெட்டியிற் கிடந்தன. “வீட்டில் நாலு பேர். இரண்டு மீன் போதும், தம்பி” என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டினார்.

“சட்டம் இன்னும் இடங்கொடுக்கிறதே, அண்ணா?” என்றோம்.

“கொடுக்கட்டும்” என்றார்.

பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆயினும் அவர் படகைத் திருப்பவில்லை. கோரைகளுக்கிடையே நாரையொன்று அசையாமல் நின்று தன் இரையைத் தேடிக்கொண்டிருந்தது. கால்வாயின் நடுவே ஒரு பெரிய மீன் துள்ளி விழுந்தது. நம் கை தானாகவே தூண்டிற்கோலை நோக்கி நீண்டது. நண்பர் அதனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், குடுவையில் எஞ்சியிருந்த காப்பியை நம் குவளையில் ஊற்றினார்.