தூதனின் மௌனம்

ஓர் அரசு தன் பிரஜைகளையே ஒடுக்கும்போது, அயல்நாட்டார் அதைப் பகிரங்கமாகக் கண்டித்துவிட்டு உறவை முறித்துக்கொள்வது தர்மமா, அல்லது வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே சென்று சிறைப்பட்டவனுக்காகப் பரிந்து பேசுவது தர்மமா என்னும் வினாவுக்கு, 1956இல் ஹங்கேரி விஷயத்தில் நம் நாடு நடந்துகொண்ட விதத்தைவிடச் சிக்கலான திருஷ்டாந்தம் அரிது.

நவம்பர் 4 அதிகாலையில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. பிரதமர் இம்ரே நாகி யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்துவிட, பார்லிமெண்டு கட்டடத்தில் எஞ்சியிருந்த ஒரே மந்திரியான இஸ்த்வான் பிபோ, அந்நியச் சிப்பாய்கள் சூழ்ந்திருக்கையிலும், தம் தேசத்தின் நியாயத்தை உலகுக்கு உரைக்கும் அறிக்கையைத் தட்டச்சுப் பொறியில் அடித்துக்கொண்டிருந்தார். சூயஸ் விவகாரத்தில் பிரிட்டனையும் பிரான்ஸையும் இடித்துரைத்த இந்தியாவோ, இங்கே முதலில் நடுநிலை வகித்தது; ஐ.நா. பொறுப்பில் தேர்தல் கோரிய தீர்மானம் 9ஆம் தேதி வந்தபோது, கிருஷ்ண மேனன் சோவியத் அணியோடு சேர்ந்து எதிர்த்தே வாக்களித்தார். நாளை காஷ்மீருக்கும் இந்த வழக்கம் வந்து சேருமே என்ற கவலை அதன் பின்னே இருந்ததென்பது பலரின் ஊகம். ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றோர் வெகுண்டதில் வியப்பில்லை.

ஆயினும் பிபோ வரைந்த சமரசத் திட்டத்தை அவர் நண்பர் ஆர்ப்பாத் கோன்ட்ஸ் எடுத்துச் சென்றது இந்தியத் தூதரகத்துக்குத்தான். 1958இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குக் கயிற்றிலிருந்து அவர்கள் தப்பியதற்கு இந்தியாவின் பரிந்துரையே காரணம் என்பர். கோன்ட்ஸ் 1990இல் ஹங்கேரியின் ஜனாதிபதியானார். பாதுகாப்பளிப்பதாகச் சொன்ன வாக்கை நம்பித் தூதரகத்தை விட்டு வெளியே வந்த நாகியோ தூக்கிலிடப்பட்டார்.

வள்ளுவர் காட்டும் தூதன், தன் உயிரே போவதாயினும் தன் அரசனுக்கு நன்மை தேடுபவன். பிற அரசனின் சிறையில் கிடப்பவனுக்கு அவன் என்ன கடன்பட்டவன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், வாய்மையை அவனுக்கு இலக்கணமாக வைத்துவிட்டார். பரிந்து பேசுவதற்காக மௌனம் காப்பவனை அந்த இலக்கணம் பொறுக்கும் என்றே நான் நினைக்கிறேன். எதிர்த்து உயர்த்திய கையை மௌனம் என்று சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. கோன்ட்ஸின் உயிருக்கு அந்த வாக்கே விலை என வாதிப்போரும் உண்டு. எனினும், அதே மாதம் 21ஆம் தேதி, ஐ.நா. பார்வையாளரை அனுமதிக்குமாறு ஹங்கேரியைக் கேட்கும் தீர்மானத்தை இலங்கை, இந்தோனேசியாவுடன் சேர்ந்து இந்தியாவே கொண்டுவந்தது. அதற்குப் பின்னும், 1958இல், நம் பரிந்துரைக்குச் செவிசாய்க்க அங்கே ஆள் இருக்கத்தானே செய்தது?