காயத்துக்கும் தரம் உண்டோ?

போரில் கால் இழந்தவனுக்கு வேலை தரும் தொழிலகம் நல்லதே. ஆயினும், அது தருமமா, உரிமையா என்று நாம் கேட்டாக வேண்டும்.

முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களைக் கொண்டு 1922இல் இலண்டனில் ஜார்ஜ் ஹவ்சன் பொப்பி மலர்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கு அவர்கள் பெற்றது பிச்சையன்று, கூலி. அந்தப் பொப்பி மலர் இலங்கையிலும் விற்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி பிரிட்டனுக்கே சென்றது. இதைப் பொறாத ஏலியன் பெரேரா 1931இல் பூவரசம்பூவை, அதாவது சூரிய மலை, விற்கலானார். 1933இல் இடதுசாரி இளைஞர் அதனை இயக்கமாக்கினர். இரக்கமும் நிறம் பார்க்கும் என்பதை அந்த மஞ்சள் மலர் காட்டிற்று. அவர்கள் 1935இல் அமைத்த சமசமாஜக் கட்சியே, 1940இல் பதுளை வெவெஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தத்திலும் முன்னின்றது.

இன்று ஊவாவில் தியத்தலாவை இராணுவ முகாமும் தேயிலைத் தோட்டங்களும் அருகருகே உள்ளன. போரில் அங்கம் இழந்தவனுக்கு வீரன் என்ற பெயருண்டு. கொழுந்துக் கூடையுடன் சரிவில் விழுந்து இடுப்பொடிந்தவளுக்கு என்ன பெயர்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் காயத்துக்கு விலை கணிக்கிறது; மறுபடி வேலை தருவதில்லை.

வீரன் நாட்டுக்காகத் துன்புற்றான் என்பர். நாட்டின் அந்நியச் செலாவணியை முதுகில் சுமந்தவள் யாருக்காகத் துன்புற்றாள்?

ஆகவே, பதுளையில் இத்தகைய தொழிலகம் தொடங்க விழைவோருக்கு நாம் கூறுவது இதுவே: இருவரையும் ஒரே பலகையில் அமர்த்துங்கள், ஊனத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்காதீர்கள், நிர்வாகத்தில் அவர்களுக்கும் குரல் கொடுங்கள். அப்போதுதான் அது தருமம் என்ற நிலை கடந்து நீதியாகும்.