முடிவு நாள் இல்லாத நோன்பு

மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் ஒலிக்கும் திருப்பாவை, 2-ஆம் பாசுரத்தில் பாலையும் நெய்யையும் விலக்கச் சொல்கிறது. 27-ஆம் பாசுரத்தில் தோழியர் கூடியிருந்து நெய் நிறைந்த பால்சோறு உண்கிறார்கள். அந்தப் பாசுரத்துக்குரிய கூடாரவல்லி நாளில் பெருமாளுக்கு அக்காரவடிசில் படைப்பது அதை ஒட்டித்தான். பாலை விலக்கச் சொன்ன ஆண்டாள், திரும்ப உண்ணும் நாளையும் குறித்தே வைத்தாள்.

இந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இங்கும் பக்கத்து ராஜபாளையத்திலும், மற்ற ஊர்களைப் போலவே, பல வீடுகளில் வரும் பால் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு எட்டுவதில்லை. முதல் டம்ளர் பேரனுக்கு, காபி வீட்டுக்காரருக்கு, மிச்சம் தயிருக்கு உறை ஊற்ற. அவளுக்கு வரக்காப்பி. போதாததற்கு ஏகாதசி, கிருத்திகை, புரட்டாசி சனி விரதங்கள். வீடு இதைத் தியாகம் என்று மெச்சுகிறது.

உடல் தேய்வதைத்தான் தெய்வம் கேட்கிறதா?

இங்கே தேய்வது எலும்பு; அது உயிருள்ள பொருள். நாளும் கரைந்து, நாளும் புதிதாகக் கட்டப்படுவது. சுமார் 30 வயது வரை சேர்மானம் மிகும். பிறகு தேய்மானம் முந்தும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் சில ஆண்டுகளில் இழப்பு வேகமெடுக்கிறது. வலி காட்டிக்கொடுக்காது. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போது முதுகெலும்பு ஒன்று நொறுங்கி அமுங்கலாம். கூன் விழுந்தால் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது எலும்புப்புரை நோய்; சிகிச்சை உண்டு.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும் இருக்கின்றன. வரக்காப்பியை நம்பி இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது.

அழியப்போகும் உடலுக்கு இத்தனை சீராட்டு எதற்கு என்று கேட்பவர்கள் பட்டினத்தாரைத் துணைக்கு அழைப்பார்கள். திருமூலரோ, முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்தில் சொல்கிறார். பெரியாழ்வார் இந்த ஊரில் செய்த தொண்டும் உடலுழைப்புதான்: நந்தவனம் வைத்தார், பூப்பறித்தார், மாலை கட்டினார். கடைசி நேரத்தில் தளர்ந்து நினைக்க முடியாமல் போகலாம், அதனால் தெம்புள்ள இப்போதே சொல்லிவைக்கிறேன் என்று அரங்கனிடம் முறையிட்டவரும் அவரே. எலும்புக்கும் இந்த முன்யோசனை வேண்டும். பேரனுக்குத் தரும் பாலும் வெயிலில் ஓடியாடும் விளையாட்டும் பேத்திக்கும் கிடைத்தால்தான் 30 வயதுக்குள் அவளுக்குச் சேர வேண்டியது சேரும்.

ஏற்கெனவே எலும்புப்புரை கண்ட பெண்களுக்கு வேறொரு தயக்கம். முதுகை முன்னால் வளைப்பது அவர்களுக்கு ஆபத்து; கொடிமரத்தருகே விழுந்து கும்பிடாமல் வந்தால் மனசு கேட்பதில்லை. கைகூப்பும் அஞ்சலியின் பெருமையைச் சொல்லவே 'அஞ்சலி வைபவம்' எழுதினார் வேதாந்த தேசிகர். நின்றபடி கும்பிட்டாலே போதும் என்று வீட்டார் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்; அர்ச்சகர் வாயால் வந்தால் இன்னும் தைரியமாக ஏற்றுக்கொள்வார்கள்.